எபிசோட் 41: நாலு நாளாகக் கீரை வரவில்லை

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும், ஒன்றையே இரண்டு முறை சொன்ன இடங்களையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)



இன்றைக்கு ஒரு சாப்பாட்டு இலையில் இருந்து ஆரம்பிக்கலாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இலை. ராஜாவைப் போல வாழ்கிற ஒருவர் சாப்பிட உட்கார்கிறார். சோறு இருக்கிறது, நெய் இருக்கிறது, கறி வகைகள் இருக்கின்றன. ஆனால் ஏதோ ஒன்று இல்லை. சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: "நாலு நாளாகக் கீரையைக் காணோமே, ஏன்?"

அவ்வளவுதான் கேள்வி. வைணவ மரபு சொல்வதை நம்பினால், ஸ்ரீரங்கத்தின் அடுத்த ஆயிரம் வருஷத்து வரலாறு இந்தக் கேள்வியில் இருந்துதான் கிளம்புகிறது. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. கோட்டை, போர், பட்டாபிஷேகம் என்று எத்தனையோ எபிசோட் பண்ணியிருக்கோம். இன்றைக்கு ஹீரோ ஒரு கட்டுக் கீரை.

தூதுவளை கொண்டுவந்த பெரியவர்

முதலில் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தவர் நாதமுனிகள். காட்டுமன்னார்கோயில்காரர். அவருடைய பேரன் யாமுனர். பேரன் பிறப்பதற்கு முன்பே தாத்தா ஒரு கவலையோடு இருந்தாராம்: இந்தத் தொகுப்பையும் அதன் பொருளையும் அவனிடம் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அந்தப் பொறுப்பை சீடர் உய்யக்கொண்டாரிடம் கொடுத்தார். உய்யக்கொண்டார் திருவெள்ளறைக்காரர். திருச்சி ஆட்களுக்குத் தெரியும், துறையூர் ரோட்டில் போனால் வருகிற ஊர். அவர் காலத்துக்குள் வேலை முடியவில்லை. பொறுப்பு அவருடைய சீடர் மணக்கால் நம்பியிடம் வந்தது. மணக்கால் எங்கே? லால்குடி பக்கத்தில். ஆக, கதையின் பாதி ஆட்கள் நம்ம ஏரியாதான்.

இந்த நடுவில் சிறுவன் யாமுனன் அரசவைக்குப் போய், ஆக்கியாழ்வான் என்ற பெரிய வித்வானை வாதத்தில் தோற்கடித்துவிட்டான். "எங்களை ஆள வந்தீரோ" என்று ராணி கொண்டாடினாள். அதனால் ஆளவந்தார் என்று பெயர் வந்தது. பந்தயப்படி பாதி ராஜ்ஜியமும் கிடைத்தது. பிறகென்ன, அரண்மனை, காவல், படை, பரிவாரம். தாத்தா கவலைப்பட்டபடியே ஆகிவிட்டது.

மணக்கால் நம்பி வந்து பார்க்கிறார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பாயின்மென்ட் இல்லை. அவரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. சுற்றிக்கொண்டு மடைப்பள்ளிப் பக்கம் போனார். ஆளவந்தாருக்கு என்ன பிடிக்கும் என்று சமையல்காரர்களிடம் விசாரித்தார். தூதுவளை என்றார்கள். அடுத்த நாளில் இருந்து தினமும் தூதுவளைக் கீரை கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு மாதம்.

தூதுவளையைப் பறித்திருக்கிறீர்களா? அது கொடி. ஊதாப்பூ பூக்கும். கத்தரி, தக்காளி குடும்பம்தான். ஆனால் தண்டில் முள், இலைக்கு அடியில் நரம்பிலும் முள். வளைந்த முள், இழுத்தால் விரலோடு வரும். ஒரு வேளைத் துவையலுக்குப் பறித்து ஆய்வதற்குள்ளேயே கை எரிந்துவிடும். வயதான ஒரு மனிதர் அதை நாள் தவறாமல் ஆறு மாதம் செய்தார். யாருக்காகச் செய்கிறாரோ அவருக்கு இவர் முகம்கூடத் தெரியாது.

ஆறு மாதம் கழித்து நிறுத்தினார். வேண்டுமென்றே. எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஒரு சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அது நின்ற அன்றைக்குத்தான் போன் வரும். நாலாவது நாள் அந்தப் போன் வந்தது. "கீரையைக் காணோமே?" "யாரோ ஒரு பெரியவர் தினமும் கொண்டுவந்து கொடுத்தார். நாலு நாளாக வரவில்லை." "அவர் மறுபடி வந்தால் என்னிடம் கூட்டிக்கொண்டு வா."

மறுபடி வந்தார். ஆளவந்தார் எழுந்து உபசரித்து, உங்களுக்கு என்ன வேண்டும், பொருளா, நிலமா என்று கேட்டார். நம்பி சொன்ன பதில்தான் கதையிலேயே அழகான இடம். எனக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் தாத்தா சேர்த்து வைத்த புதையல் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது, அதை ஒப்படைக்க வந்தேன் என்றார். புதையல் எங்கே? இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஏழு மதில்கள். பாம்பு ஒன்று காவல். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தென்கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு ராட்சசன் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

திருச்சிக்காரர்கள் இந்நேரம் விடையைச் சொல்லியிருப்பீர்கள். இரண்டு ஆறு, காவிரியும் கொள்ளிடமும். ஏழு மதில், ஏழு பிராகாரம். பாம்பு, ஆதிசேஷன். ராட்சசன், விபீஷணன். புதையல், பள்ளிகொண்ட ரங்கநாதர். நம்பி அவருக்குக் கீதையின் பொருளைச் சொல்லி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துவந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. ராஜ்ஜியத்தை விட்டுவிட்டுத் துறவியானார். அவருடைய சீடர் பெரிய நம்பி. பெரிய நம்பியின் சீடர் ராமாநுஜர். மற்றது உங்களுக்கே தெரியும்.

டைம்ஸ்டாம்ப் இடிக்கிறதே?

இப்போது வழக்கமான கேள்வி. இது நடந்ததா?

இந்தக் கதை கல்வெட்டில் இல்லை. குருபரம்பரை நூல்களில் வருகிறது. அவை சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு வெகு பின்னால் எழுதப்பட்டவை. சிலர் இந்தக் கதையைச் சொல்லும்போது அரண்மனை கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்தது என்பார்கள். அங்கேதான் தேதி இடிக்கிறது. அந்த நகரத்தை உருவாக்கியது முதலாம் ராஜேந்திர சோழன், ஏறத்தாழ 1025 வாக்கில். ஆளவந்தார் பிறந்தது 10-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்கிறது மரபு. சிறுவன் வாதத்தில் ஜெயித்த சமயத்தில் அந்த ஊரே இல்லை. வேறு ஊராக இருக்கலாம், அல்லது பெரிய தலைநகரின் பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அதனால் "பாதி ராஜ்ஜியம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குச் சுவாரஸ்யமானது வேறு. இந்தக் கதையைச் சொன்னவர்கள் அரண்மனைக்குள் நுழைய எத்தனையோ வழி வைத்திருக்கலாம். ரத்தினம், அபூர்வமான சுவடி, கனவில் ஒரு குரல் என்று எதையாவது. அவர்கள் கீரையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று புரிய, அதற்கு முன்னால் தமிழில் கீரைக்கு என்ன மரியாதை இருந்தது என்று பார்க்க வேண்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டது

மரியாதை பெரிதாக இல்லை என்பதுதான் உண்மை.

சங்கப் பாடல்களில் கீரைக்கு அடகு என்று ஒரு பெயர். இன்றைக்கு அடகு என்றால் நகைக்கடன் ஞாபகம்தான் வரும். பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. பாடியவர் நல்லூர் நத்தத்தனார், பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அதில் ஒரு பாணனின் வீட்டு அடுப்படி வருகிறது. கூரை இற்றுப்போயிருக்கிறது. சுவரைக் கறையான் அரித்து, அங்கே காளான் முளைத்திருக்கிறது. குட்டி போட்ட நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறக்காத குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்தும் பால் இல்லை. பசியில் மெலிந்த பாணனின் மனைவி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து வேகவைக்கிறாள். உப்பு இல்லை. புறம் பேசுகிறவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து சாப்பிடுகிறார்கள்.

கதவைச் சாத்திவிட்டு. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை எனக்கு. சாப்பாடு இல்லை என்பது ஒரு கஷ்டம். இதைத்தான் சாப்பிடுகிறோம் என்று வெளியே தெரிவது இன்னொரு கஷ்டம்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் போய்த் தன் வீட்டு நிலைமையைச் சொல்லும்போதும் இதே குப்பைக் கீரைதான், இதே உப்பில்லாத சமையல்தான். பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடிய பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது. கைம்பெண்ணாக வாழ்ந்தால் என்ன சாப்பிட வேண்டியிருக்கும் என்று அடுக்குகிறாள்: நெய் இல்லாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி விட்டு அவித்த வேளை இலை. அந்த வாழ்க்கைக்குத் தீயே மேல் என்று தீயில் இறங்கிவிட்டாள். கீரை அங்கே ஏழ்மையின் சாப்பாடு மட்டும் இல்லை. பெண்ணின் மேல் போடப்பட்ட தண்டனையின் சாப்பாடும்கூட.

இந்த வேளை இன்றைக்கும் இருக்கிறது. தைவேளை, நல்வேளை என்பார்கள். வெள்ளைப் பூ, கையில் தேய்த்தால் ஒரு நெடி. நம்ம ஊரில் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறோம். கென்யாவில் அதே செடியைப் பயிர் பண்ணி, சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். பால் விட்டுச் சமைக்கிற வழக்கமும் அங்கே உண்டு. செடி ஒன்றுதான், மரியாதைதான் வேற வேற.

அமுதான அடகு

ஆனால் தமிழில் இன்னொரு குரலும் உண்டு.

பாரி மகளிர் அங்கவை, சங்கவை கதையில், எல்லாம் இழந்து நின்ற அந்தப் பெண்கள் அவ்வையாருக்கு ஒரு கீரைக்கறி பரிமாறினார்கள். சுடச்சுட, நெய் விட்டு, பச்சை மாறாமல். அவ்வை அதை அமுதம் என்று பாடியதாக ஒரு தனிப்பாடல் இருக்கிறது. தனிப்பாடல் அவ்வையும் சங்க கால அவ்வையும் ஒருவர் இல்லை, அது வேறு எபிசோட்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அரிவாட்டாய நாயனார் வருகிறார். கணமங்கலத்துக்காரர். தினமும் சிவனுக்குச் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைப்பது அவர் வழக்கம். சொத்து எல்லாம் போய், கூலிக்கு நெல் அறுக்கிற நிலைமை வந்த பிறகும் சாமிக்குச் செந்நெல்லை வைத்துவிட்டு, வீட்டில் கணவனும் மனைவியும் கொல்லைக் கீரையைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். ஒரு நாள் பசி மயக்கத்தில் அவர் தடுக்கி விழ, அரிசியும் கீரையும் மாவடுவும் நிலவெடிப்புக்குள் கொட்டிவிட்டன. இனி என்ன படைப்பது என்று கழுத்தில் அரிவாளை வைத்தபோது, வெடிப்புக்குள் இருந்து ஒரு கை வந்து தடுத்தது. உள்ளே யாரோ மாவடுவைக் கடிக்கிற சத்தமும் கேட்டது.

கவனிங்க, இங்கே ஒரே கீரை சாமி தட்டிலும் இருக்கிறது, பசித்தவன் தட்டிலும் இருக்கிறது. மணக்கால் நம்பி கதையும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. காசு கொடுக்காமல் யாரும் பறிக்கலாம் என்கிற ஒரு பொருள். அதை ஒருவர் அன்போடு தினமும் கொண்டுபோனால் எந்தக் காவலும் திறக்கும். ரத்தினத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இது பணக்காரக் கதையாகியிருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கீரையும் சாமியும் சேர்ந்து வருகிற இன்னொரு நாள் தெரியும். துவாதசி. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே பட்டினி, ராத்திரி எல்லாம் கூட்டம். மறுநாள் காலையில் பாரணை. அன்றைக்கு இலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் இருக்க வேண்டும். அகத்தி எங்கிருந்து வரும்? காவிரிக்கரை வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏறுவதற்குப் பந்தல் மாதிரி நட்டு வைப்பதே அகத்தி மரத்தைத்தான். வெற்றிலைக்கு நிழல், மாட்டுக்குத் தீவனம், துவாதசிக்குக் கீரை. ஒரு மரம், மூன்று வேலை.

அகத்திக் கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 900 முதல் 1,100 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கிறது. பசும்பாலில் 120 சொச்சம். நெல்லிக்காயில் வைட்டமின் சி அதிகம். கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி உதவும். உடனே "நம் முன்னோர்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஸ்டேட்டஸ் போடாதீங்க. அவர்களுக்கு வைட்டமின் தெரியாது. பட்டினி கிடந்த வயிற்றுக்கு எது ஒத்துக்கொண்டது என்று தெரியும். அதுவே பெரிய விஷயம்தான், மிகைப்படுத்த வேண்டியதில்லை.

நான்கு டன் கீரை

வைட்டமின் என்றதும் கடல் தாண்டி ஒரு சின்னச் சுற்று போய்வரலாம். அதுவும் இந்தியா வழியாகத்தான்.

1928-இல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களில் பலருக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவால் வருவது இல்லை, ரத்த அணு அளவுக்கு மீறிப் பெரிதாகிற வேறு வகை. காரணம் கிருமி இல்லை, சாப்பாட்டில் ஏதோ குறைகிறது என்று வில்ஸ் கண்டுபிடித்தார். மார்மைட் என்று ஒரு மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931-இல் எழுதினார். அதற்குள் இருக்கும் பொருள் என்ன என்று தெரியாமல் பத்து வருஷம் போனது. 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூன்று பேரும் நான்கு டன் பசலை வகைக் கீரையைச் சாறு பிழிந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலையில் இருந்து கிடைத்ததால், லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லை வைத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையில் இருப்பது அதுதான். பெயரிலேயே இலை இருக்கிறது.

பாப்பாய் கதையும் கேள்விப்பட்டிருப்பீங்க. 19-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு விஞ்ஞானி புள்ளியைத் தள்ளி வைத்ததால் கீரையில் பத்து மடங்கு இரும்பு இருப்பதாக உலகம் நம்பியது, அதனால்தான் பாப்பாய் கீரை தின்கிறான் என்பது. என் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்கூட "டெஸிமல் பக்" என்று இதை உதாரணம் காட்டினார். 2010-இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்தால், அந்தப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை. பாப்பாயை வரைந்த சீகர் 1932-இல் சொன்ன காரணம் வைட்டமின் ஏ. பிழையைப் பற்றிய கதையே பிழை! ஆளவந்தார் கதையை மட்டும் சந்தேகப்பட்டால் போதாது, அறிவியல் பெயரில் வருகிற கதையையும் சந்தேகப்படணும்.

சட்டியில் நடப்பது

சரி, சமையலுக்கு வருவோம். போன வாரம் இன்ஸ்டாவில் கேட்டதில் பாதிப் பேர் "கீரை கறுத்துப் போகுது ப்ரோ" என்று எழுதியிருந்தீங்க.

காரணம் எளிது. இலையின் பச்சைக்குக் காரணம் குளோரோஃபில். அதன் நடுவில் ஒரு மக்னீசியம் அணு. சூடு பட்டதும் இலைக்குள் இருக்கும் அமிலம் வெளியே வந்து அந்த மக்னீசியத்தைத் தள்ளிவிடும். அப்போதுதான் பாசி நிறம் வருகிறது. மூடி போட்டு வேகவைத்தால் ஆவியாகப் போக வேண்டிய அமிலம் உள்ளேயே சுற்றும். அதனால்தான் பாட்டிகள் கீரைச் சட்டியை மூட விடமாட்டார்கள். புளியைக் கடைசியில் விடு என்பதும் இதற்குத்தான். சோடா உப்புப் போட்டால் பச்சை நிற்கும். ஆனால் வைட்டமின் சி-யும் தயமினும் கெட்டுவிடும். வேண்டாம்.

எங்க வீட்டு அரைக்கீரைக் கடைசல் இப்படி. ஆய்ந்து மூன்று தண்ணீரில் அலசுங்க, மண் முழுக்க அடியில் தங்கணும். நறுக்கிவிட்டு அலசாதீங்க, சத்து தண்ணீரோடு போகும். மண்சட்டியில் ஒரு டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர், சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு பச்சை மிளகாய், சீரகம். கொதித்ததும் கீரை. மூட வேண்டாம். ஏழெட்டு நிமிஷத்தில் வெந்துவிடும். இறக்கி உப்புப் போட்டு மத்தால் கடைய வேண்டியதுதான். மிக்ஸியில் அடித்தால் அது பெயின்ட். மீதித் தண்ணீரைக் கொட்டாதீங்க, ஃபோலேட் அதில்தான் கரைந்திருக்கிறது. கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்து, சோற்றில் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசைஞ்சு சாப்பிடுங்க. கொழுப்பு இல்லாமல் கீரையின் பீட்டா கரோட்டின் உடம்பில் சரியாகச் சேராது. தொட்டுக்க நெல்லிக்காய் ஊறுகாய் இருந்தால் ராஜபோகம். சாப்பிட்ட கையோடு டீ, காபி மட்டும் வேண்டாம். இரும்பு ஏறுவதை அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

இரண்டு எச்சரிக்கை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகக் கல் வந்தவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவை முடிவு பண்ணுங்க. அப்புறம், ரத்தசோகைக்குக் கீரை மட்டுமே மருந்து இல்லை. கீரையில் இருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் ஏறும். டெஸ்ட் எடுங்க, மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்க, கூடவே கீரையும் சாப்பிடுங்க. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், காய்கறியும் கீரையும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் என்று இருக்கிறது. நான் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தேன். பாதியைக்கூடத் தொடவில்லை.

எங்கள் தெரு

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இந்த எபிசோடையே எடுத்தேன்.

2021-இல் வீட்டில் இருந்தே வேலை என்று நான் ஸ்ரீரங்கத்தில் அப்பா அம்மாவோடு இருந்தேன். காலையில் ஏழு மணிக்கு எனக்கு அலாரமே கீரைக்காரம்மா குரல்தான். "கீரேய்... அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி..." தலையில் கூடை, மேலே ஈரச் சாக்கு. அம்மா வாசலில் நின்று பேரம் பேசுவாங்க. நான் மாடியில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் மியூட் போட்டுக்கொள்வேன். பின்னணிச் சத்தம் இல்லையா.

ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. எத்தனை நாளைக்கு அப்புறம் எனக்கு உறைத்தது தெரியுமா? உறைக்கவே இல்லை. நான் ஆப்பில் கீரை ஆர்டர் பண்ண ஆரம்பித்திருந்தேன். பிளாஸ்டிக் பொட்டலத்தில் ஆய்ந்தே வந்துவிடும். அம்மா ஓரிரு முறை "என்னன்னு தெரியல, ஆளைக் காணோம்" என்றார்கள். அத்தோடு சரி.

மூன்று வாரம் கழித்து அதே குரல். நான் இறங்கி வந்தேன். ஆள் பாதியாகியிருந்தாங்க. "என்னம்மா, எங்க போயிட்டீங்க?" என்றேன். பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தாங்களாம். நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, அக்கம்பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். "ரத்தமே இல்லையாம் தம்பி. ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "நீங்க கீரை சாப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். முட்டாள்தனமான கேள்வி. சிரிச்சாங்க. "விக்கிறதை நாமளே தின்னா எப்படி? மிஞ்சுனா வதங்கிப் போனதை ரசத்துல போட்டுக்குறது."

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த எண்ணை நான் ஏற்கெனவே ஒரு எபிசோடில் சொல்லியிருக்கிறேன், ஸ்லைடில் படிக்கிற மாதிரி. அன்றைக்கு அது தலையில் கூடையோடு எங்கள் வாசலில் நின்றது. அந்த அம்மா இந்தக் கணக்கின் வயது வரம்பைக்கூடத் தாண்டியவர். கணக்கில் வராதவர்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து அவங்க கேட்ட கேள்வி இது: "நான் வரலன்னு யாராச்சும் தேடுனீங்களாக்கா?"

"தேடாம இருப்போமா" என்றார்கள் அம்மா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆளவந்தார் கதையை நான் சின்ன வயதில் இருந்தே கேட்டிருக்கிறேன். அதில் பெரியவர் மணக்கால் நம்பி என்றுதான் நினைத்திருந்தேன், ஆறு மாதம் முள்ளில் கை வைத்தவர் என்று. அன்றைக்குப் பிறகு ஆளவந்தார் மேலும் மரியாதை வந்தது. அரண்மனை, ராஜ்ஜியம் எல்லாம் இருந்தும் நாலாவது நாளே கேட்டுவிட்டார். கீரை எங்கே என்று ஆரம்பித்து, கொண்டுவந்தவர் யார் என்று போனார். நாங்கள் மூன்று வாரத்திலும் கேட்கவில்லை. பத்து வருஷமாக வருகிறவங்க பெயரைக்கூட அன்றைக்குத்தான் கேட்டேன். இங்கே சொல்லப்போவதில்லை, அது அவங்க பெயர்.

அம்மா இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் வாங்குகிற கீரையைக் கடைந்து, சூடாக ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த தெரு சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அவங்க கையில் கொடுத்துவிடுவார்கள். முதல் நாள் வேண்டாம் என்றாங்க. இப்போது உப்பு கம்மி, புளி ஜாஸ்தி என்று குறை சொல்கிறாங்களாம். அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

உங்க தெருவுக்கும் யாராவது வருவாங்க. இல்லையென்றால் தென்னூர் உழவர் சந்தையிலோ, காந்தி மார்க்கெட் வாசலிலோ சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பாங்க. இந்த வாரம் ஒரு கட்டு வாங்குங்க. என்ன கீரை, எப்படிச் சமைப்பது என்று அவங்களிடமே கேளுங்க, என்னைவிட நன்றாகச் சொல்வாங்க. அடுத்த வாரம் அங்கே ஆள் இல்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை விசாரிங்க.

அடுத்த எபிசோடில் கொள்ளிடத்துக்கு அந்தக் கரை. அதுவரைக்கும், சட்டியை மூடாதீங்க.